இருபத்திரண்டு வினாடி

கரண்டியிலிருந்து தொடங்கலாம் என்று தர்மிகா மறுபடியும் நினைத்தாள். கரண்டி நல்ல பொருள். யாரையும் நோகடிக்காது. மேடைக்குப் பின்னால், கறுப்புத் திரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த ஒடுங்கிய இடத்தில் பன்னிரண்டு மடக்குக் கதிரைகள் வரிசையாகக் கிடந்தன, ஒன்பதாவது அவளுடையது. சட்டையில் ஒன்பது என்று அச்சிட்ட வட்டத்தாள் ஒட்டியிருந்தது. அதன் ஓரம் வியர்வையில் கிளம்பத் தொடங்கியிருந்ததால் அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள். திரைக்கு அப்பால் நான்காவது ஆள் ஆற்று வண்டலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஆளுக்கு மூன்று நிமிடம். கைதட்டலும் அடுத்தவர் ஏறுவதும் சேர்த்தால் நான்கு. ஆகவே அவளுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மூன்று வருட ஆராய்ச்சியை மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைக்க முடியுமென்றால், இருபது நிமிடத்தில் ஒரு தொடக்கத்தை மாற்ற முடியாதா? பல்கலைக்கழகம் வருடந்தோறும் நடத்தும் போட்டி இது. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள், அந்தத் துறையைப் பற்றி ஒன்றுமே அறியாத முந்நூறு பேர் முன்னால், தங்கள் ஆராய்ச்சியைப் பிரெஞ்சில் விளங்கப்படுத்த வேண்டும். கையில் தாள் கூடாது. பின்னால் ஒரே ஒரு படம். எதிரே சிவப்பு எண்களில் வினாடிகள் இறங்கிக்கொண்டிருக்கும். அவள் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தாள், அரை மணி முன்பு வரை. அப்போதுதான் கைபேசியை அணைத்துப் பெட்டியில் போடச் சொன்னார்கள், அணைக்கப் போகும் நேரத்தில் அம்மாவின் குரல் ஒரு செய்தியாக வந்து விழுந்தது. தர்மி, நாங்கள் வந்திட்டம். நடுவிலை, படிக்கரையோடை இருக்கிறம். குணநாயகம் அண்ணையும் வந்திருக்கிறார், முழுக்க வீடியோ எடுக்கப் போறாராம். நீ பதறாமல் கதை பிள்ளை. குரலுக்குப் பின்னால் கதிரைகள் மடங்கி விரியும் சத்தம் கேட்டது. அவள் இரண்டு தரம் கேட்டாள். பிறகு கைபேசியை அணைத்துப் பெட்டிக்குள் போட்டாள், மற்றவர்களுடைய கைபேசிகளின் மேல் அது சறுக்கிப் போய் ஒரு மூலையில் நின்றது.

அம்மா வரமாட்டாள் என்பது கணக்கில் எடுத்துக்கொண்ட விஷயம். பாலர் வகுப்பிலிருந்து இன்று வரை பள்ளிக்கூடத்து விழா எதற்கும் அம்மா வந்ததில்லை, வர நேரமிருந்ததில்லை, வருவதாகச் சொன்னதுகூட இல்லை. ஆகவே அந்தத் தொடக்கத்தை எழுதும்போது அம்மா கேட்பாள் என்ற எண்ணம் அவளுக்குத் தோன்றவேயில்லை. தோன்றாமல் இருந்ததா, தோன்ற விடாமல் வைத்திருந்தாளா என்று இப்போது பார்த்தால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தொடக்கம் இதுதான். என் அம்மா ஒரு நாளைக்குப் பதினான்கு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுகிறார், ஹொட்டலில், இருபத்திரண்டு வருடமாக. ஒரு நாள் காலை ஒரு கோப்பைத் தேநீரைத் தூக்கினார். கை விட்டுவிட்டது. அம்மா தேநீரின் மேல் பழியைப் போட்டார். இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்க ஒன்றரை வினாடி விட வேண்டும். பிறகு, உலோகமும் இப்படித்தான், பாரமான பொருளைத் தூக்கும்போது அது உடைவதில்லை, நெடுநாள் தூக்கிக் களைத்த பிறகு இலேசான ஒன்றில்தான் உடைகிறது, என்று ஆராய்ச்சிக்குள் போக வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு வினாடி. வருடத்துக்கு ஒரு வினாடி என்று ஒரு நாள் ரயிலில் தற்செயலாகக் கணக்கு வந்தது, அதை நினைத்து அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள்கூட. எவ்வளவு ஒழுங்காக அமைந்துவிட்டது என்று. அந்தக் காலையில் நடந்தது அப்படி ஒழுங்காக இருக்கவில்லை. போன பெப்ரவரி, ஒரு திங்கட்கிழமை. வேலைக்குப் புறப்பட முன் அம்மா மேசையோடு நின்று தேத்தண்ணி குடிப்பாள், உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது என்று சொல்லுவாள். கோப்பை மேசையிலிருந்து நாலு விரல் உயரம் எழும்பியது. அதற்குமேல் எழும்பவில்லை. விழுந்து உடைந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அம்மா தன் கையைப் பார்த்தாள், யாரோ அறிமுகமில்லாதவரைப் பார்ப்பதுபோல. பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"தேத்தண்ணி சுட்டுப்போட்டுது, பிள்ளை."

தர்மிகா துணியோடு குனிந்தாள். அப்போது வெறுங்காலில் தேத்தண்ணி பட்டது. அது ஆறிப்போன தேத்தண்ணி. சுட்டிருக்கவே முடியாது. அவள் துடைத்தாள், அம்மா இடது கையால் கோட்டைக் கொழுவியிலிருந்து எடுத்தாள், இடது கையாலேயே கதவைத் திறந்து வேலைக்குப் போனாள். இருவருக்கும் நடுவில் அந்த ஆறிய தேத்தண்ணி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கதைக்காததை எடுத்து, துடைத்து, கடைசியில் ஒரு சிரிப்பை வைத்துத் தைத்து, அவள் மேடைக்குக் கொண்டு வந்திருக்கிறாள். தன்னை ஒரு திருடியாக நினைத்துப் பார்த்தாள். அந்தச் சொல் பொருந்தவில்லை. திருடிய பொருள் திருடியவரிடம் இருக்கும். இது எல்லாரிடமும் போய்விடப் போகிறது.

ஐந்தாவது ஆளைக் கூப்பிட்டார்கள். கையில் பட்டியலும் காதுக்குள் ஓர் ஒலிக்குமிழுமாக நின்ற பெண் விரலால் அடுத்தடுத்த எண்களைக் காட்டிக்கொண்டே நடந்தாள். கரண்டி, கரண்டி, என்று தர்மிகா சொல்லிக்கொண்டாள். உண்மையில் முதலில் இருந்தது கரண்டிதான். ஏழு வயதில் நான் ஒரு கரண்டியை உடைத்தேன், பலமிருந்ததால் அல்ல, பொறுமை இருந்ததால். அப்படித்தான் முதல் முறை எழுதியிருந்தாள். தேநீர்க் கரண்டியை முன்னும் பின்னும் வளைத்தால் முதல் தடவை ஒன்றும் ஆகாது, பத்தாவது தடவையும் ஒன்றும் ஆகாது, எந்தத் தடவை உடையும் என்று வளைக்கிற கைக்கும் தெரியாது, கரண்டிக்கும் தெரியாது. நல்லாகத்தான் இருந்தது. ஆனால் மதாம் ஒபெர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். மதாம் ஒபெர் முன்பு வானொலியில் இருந்தவள், சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடிக்காரி, புதன்கிழமைகளில் பன்னிரண்டு பேரையும் வட்டமாக இருத்திப் பேச்சுக்குப் பயிற்சி கொடுத்தாள். கரண்டி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, உன் வீட்டில் மட்டும் இருப்பது எது என்று கேட்டாள். உன் அப்பா என்ன செய்கிறார்? அவர் இறந்து ஆறு வருடம். அம்மா? ஹொட்டலில். ஹொட்டலில் என்றால்? அப்போது வட்டத்தில் பதினொரு முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவள் வாய் திறந்து சொன்னாள், அறைகள், என்று. மதாம் ஒபெருடைய கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ பற்றிக்கொண்டதைத் தர்மிகா கண்டாள். அது கெட்ட மனமில்லை. மதாம் ஒபெர் நல்ல பெண். அவளுக்கு வேண்டியது சபை கேட்க வேண்டும் என்பது மட்டும்தான். அடுத்த புதன்கிழமை தர்மிகா கட்டில்களோடும் தேநீரோடும் வந்தாள், பதினொரு பேரும் சிரித்தார்கள். பிரெஞ்சில் அவள் சொல்லி ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் அவள் பிரெஞ்சு சரியாக இருந்தது, பிழையில்லாமல் இருந்தது, ஆனால் ஒருவரும் சிரித்ததில்லை; அவளுடைய பிரெஞ்சு விண்ணப்பப் படிவங்களை நிரப்பவும், அம்மாவுக்காக அலுவலகங்களில் வரிசையில் நின்று விளங்கப்படுத்தவும் பழகிய பிரெஞ்சு. பதினொரு பேர் சிரித்தபோது நெஞ்சுக்குள் இளஞ்சூடாக ஒன்று பரவியது. அந்தச் சூட்டுக்காகத்தான், வேறெதற்காகவும் அல்ல, அன்று இரண்டாம் தரம் சொல்லிக் காட்டச் சொன்னபோது தேநீருக்கு முன் ஒரு சிறு இடைவெளி விட்டாள். இடைவெளி விட்டால் சிரிப்புக் கூடும் என்று அவளுக்கே விளங்கியிருந்தது. அந்த இடைவெளியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது முழுக்க அவளுடையது.

பக்கத்துக் கதிரையில் எட்டாம் எண், பஸ்தியான், தேனீக்களின் நடையைப் பற்றி ஆராய்கிறவன், நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் பக்கம் சரிந்தான். உன் அம்மாக் கதையை மாற்றிவிடாதே, அதுதான் இன்றைக்கு நல்லது, என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவள் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். மாற்ற யோசிக்கிறேன் என்றாள். அவன் கடிப்பதை நிறுத்தினான். ஏன், அது பொய்யா? பொய்யென்றாலும் பயமில்லை, என் அப்பா தேனீ வளர்க்கிறவர் என்று நான் சொல்கிறேன் அல்லவா, அவர் பல் வைத்தியர், வாழ்க்கையில் ஒரு தேனீயைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை, என்றான். அவள் சிரிக்க வேண்டியிருந்தது. பொய்யில்லை, உண்மைதான், என்றாள்.

"அப்படியென்றால் இன்னும் நல்லது," என்றான் பஸ்தியான், மறுபடி நகத்துக்குத் திரும்பினான்.

இன்னும் நல்லது. அவனுக்கு அது எவ்வளவு எளிதாக இருந்தது. அவன் அப்பா இன்று சபையில் இருந்தால் வீட்டுக்குப் போய் இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், எப்போதடா எனக்குத் தேன்கூடு வாங்கித் தந்தாய் என்று. அவர்களுக்குள் ஒளித்து வைக்க எதுவும் இல்லை, அதனால் பொய் சொல்லவும் முடிகிறது. இங்கே இருக்கிற தமிழாக்கள் ஒருவரையொருவர் என்ன வேலை என்று கேட்பதில்லை. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை, ஆனால் கலியாண வீட்டில், லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், கோயில் வாசலில், எங்கேயும் அந்தக் கேள்வி எழும்பாது. எந்தப் பக்கம் வேலை என்றுதான் கேட்பார்கள். ஒபேராப் பக்கம் என்பாள் அம்மா. கேட்டவர், ஆ, ஒபேராப் பக்கமோ, ரயில் வசதிதானே, என்பார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, அங்கே போய் இவள் என்ன செய்கிறாள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், ஏனென்றால் அவருடைய மனைவியும் இன்னொரு பக்கத்தில் அதையேதான் செய்கிறாள். தெரிந்ததைக் கேட்காமல் விடுவதுதான் அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட மரியாதை. ஊரில் ஆசிரியையாக இருந்தவளும், தபாற்கந்தோரில் இருந்தவரும், அந்த மரியாதைக்குள் ஒரு குளிர்சட்டைக்குள் விடுவதுபோலக் கையை விட்டுக்கொண்டு இருபது வருடம் நடந்திருக்கிறார்கள். அம்மா மணிக்கட்டுக்கு வைத்தியர் கொடுத்த பட்டியைக் கலியாண வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். அப்படியொரு கலியாண வீட்டில்தான் குணநாயகம் மாமா, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர், பிள்ளை என்ன ஆராய்ச்சி செய்யுது என்று அம்மாவைக் கேட்டார். பிள்ளைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். இரும்பிலை, என்றாள் அம்மா. இரும்பிலை என்ன ஆராய்ச்சி என்றார் அவர். அது ஏன் உடையுது எண்டு, என்று அம்மா சொன்ன விதத்தில், உடைகிற இரும்பெல்லாம் தன் மகளிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் உடைகிறதுபோல ஒரு நிமிர்வு இருந்தது. இன்று அந்த நிமிர்வோடு அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் கைபேசியை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பார். வீடியோ நாளைக்குத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் எல்லாருடைய கைக்கும் போகும். மொழிபெயர்த்து எழுதியும் போடுவார். அவர் நல்ல மனிதர், எழுத்துப் பிழை விடமாட்டார்.

ஆறாவது ஆள் ஏறியிருந்தாள், அவள் குரல் மிகவும் தெளிவாக இருந்தது. தர்மிகா எழும்பித் திரையின் ஓரத்தில் இருந்த பிளவுக்குக் கிட்டப் போனாள். சபை இருட்டாக இருந்தது. முன் வரிசையில் நடுவர்களின் மேசை விளக்குகள். அதற்குப் பின்னால் தலைகளின் மேல்விளிம்பு மட்டும். நடுவிலை, படிக்கரையோடை. அந்த இடத்தைக் கண்ணால் தேடினாள், ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தது, சிறிதாக, அசையாமல். மாமாவுடைய கைபேசியாக இருக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம். திரும்பி வந்து இருந்தாள். விளங்காது என்று தனக்குச் சொன்னாள். அம்மாவின் பிரெஞ்சு எவ்வளவு? வைத்தியரிடம் போனால் தர்மிகாதான் கூடப் போக வேண்டும். வீட்டு வாடகைக் கடிதம் வந்தால் தர்மிகாதான் படிக்க வேண்டும். ஒலியுணரி, நுண்விரிசல், அதிர்வெண் என்று அவள் பேசப்போகும் சொற்களில் ஒன்றுகூட அம்மாவுக்கு விளங்காது, அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு மகளுடைய முகத்தைப் பார்த்தபடி இருப்பாள், அவ்வளவுதான். இந்த நினைப்பில் மூச்சு கொஞ்சம் இறங்கியது. இறங்கிய மூச்சு பாதியில் ஏதோ தட்டுப்பட்டு நின்றது. அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு எது? கட்டில். விரிப்பு. அறை. பதினான்கு, ஏனென்றால் காலையில் பட்டியலில் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பாள். காலை. தேநீர். கோப்பை. கை. மூன்று நிமிடத்தில் அம்மாவுக்கு விளங்கக்கூடியது இருபத்திரண்டு வினாடி, அதில் ஒரு சொல்கூட அவளுக்குத் தப்பாது. அந்தச் சொற்களையே பொறுக்கி எடுத்து எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது. பொறுக்கித்தான் எடுத்திருந்தாள். முதல் புதன்கிழமையே மதாம் ஒபெர் வட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது அதுதான்: பேராசிரியருக்கு விளங்கினால் போதாது, உங்கள் அம்மாவுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள். தர்மிகா ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்து, கடினமானதைத் தள்ளி, எளியதை வைத்து, நாலு புதன்கிழமை வேலை செய்தாள். அம்மாவுக்கு விளங்குகிற மாதிரியே செய்துவிட்டாள்.

அம்மாவுடைய ஹொட்டலை அவள் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம், வீட்டில் தனியாக விட முடியாமல் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். விரிப்புகள் அடுக்கிய ஒரு சிறு அறையில் ஸ்டூலில் இருத்திவிட்டு, சத்தம் போடக்கூடாது என்று சொன்னாள். கொதிநீரும் சவர்க்காரமும் கலந்த மணம். கதவு அரைவாசி திறந்திருந்தது, எதிர் அறையில் அம்மா வேலை செய்வது தெரிந்தது. தளத்துக்குப் பொறுப்பான பெண் வந்தாள், உயரமானவள், கட்டிலின் தலைப்பக்கத்துப் பலகை மேல் விரலை ஓடவிட்டு விரலைப் பார்த்தாள், பிறகு தர்மிகாவைக் கண்டாள். என்ன, பதினைந்தாவது கட்டிலுக்கு ஆள் கொண்டுவந்திருக்கிறாயா, என்று கேட்டாள். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் தர்மிகா கேட்டதேயில்லை. அது அம்மாவின் தொண்டையில் இல்லாத இடமொன்றிலிருந்து வந்தது, மெல்லியதாக, உச்சத்தில், கண்ணாடித் தண்ணீர்க் குவளையைக் கரண்டியால் தொட்டதுபோல. வந்ததும் அரை வினாடி பிந்தித்தான் வந்தது. எதிரிலிருக்கும் முகத்தைப் பார்த்து, இது சிரிக்க வேண்டிய இடம்தான் என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகு வரும் சிரிப்பு. உயரமான பெண்ணும் சிரித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அம்மா கொஞ்ச நேரம் விரிப்பு ஒன்றை நாலாக மடித்து, விரித்து, மறுபடி நாலாக மடித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், இதை அப்பாட்டைச் சொல்ல வேண்டாம் என்றாள்.

ஏழாவது ஆள். இன்னும் எட்டு நிமிடம். கரண்டியை அவள் வாய்க்குள் ஓட்டிப் பார்த்தாள், உதடு அசைய. ஏழு வயதில் நான் ஒரு கரண்டியை உடைத்தேன். பலமிருந்ததால் அல்ல. பொறுமை இருந்ததால். பத்தொன்பது வினாடி வந்தது. மூன்று வினாடி மிச்சம், அது நல்லது, கடைசியில் மூச்சு விடலாம். ஆனால் படம். படத்தில் உடைந்த உலோகத்தின் முகம் பெரிதாக இருக்கிறது, நுண்காட்டியில் எடுத்தது, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒவ்வொரு கோடாக, அலை ஒதுங்கிய மணல்போல வரிவரியாக. அதன் வலது மூலையில், மதாம் ஒபெருடைய யோசனைப்படி, ஒரு சிறு கோப்பை வரைந்திருக்கிறது. கோப்பையை என்ன செய்வது? கோப்பைக்குள் கரண்டி இருக்கலாமே. தேநீர்க் கரண்டி, கலக்குகிற கரண்டி, இயல்பாகப் பொருந்துகிறது. பொருந்தியதும் கண்கள் நனைந்தன. எல்லாம் சரியாகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அம்மா மாமாவோடு ரயிலேறி வீட்டுக்குப் போவாள், மீன்குழம்பு சுடவைத்து வைத்திருப்பாள், நல்லாக் கதைச்சாய் என்பாள். மறுபடி சொல்லிப் பார்த்தாள். ஏழு வயதில் நான். இரண்டாம் தரம் சொல்லும்போது பின்னால் இன்னொன்று ஓடுவது கேட்டது, அடியில், தாழ்வாக, என் அம்மா ஒரு நாளைக்கு, என் அம்மா ஒரு நாளைக்கு. அதை அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்? ரயிலில் போகும்போதும் வரும்போதும். குளிக்கும்போது. ஆய்வுக்கூடத்தில், இழுவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு. ரயிலின் சக்கர அச்சுக்குப் போடுகிற அதே உருக்கில் விரல் நீளத் துண்டொன்றை அந்த இயந்திரம் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும், விடும், இழுக்கும், விடும், எண்ணிக்கை காட்டும். தர்மிகாவின் வேலை கேட்பது. துண்டின் மேல் பொத்தான் அளவில் ஒரு ஒலியுணரியை ஒட்டி, அறையின் இரைச்சல், இயந்திரத்தின் இரைச்சல், நிலத்தடியில் ரயில் போகிற இரைச்சல் எல்லாவற்றையும் கழித்து, உலோகத்துக்குள் விரிசல் பிறக்கிற அந்தச் சின்னச் சத்தத்தை மட்டும் தனியே எடுப்பது. உடைவதற்கு வெகு முன்பே அது சத்தம் போடும். யாருக்கும் கேட்காத சத்தம். மூன்று வருடமாக அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், காது அப்படிப் பழகிவிட்டது, சாப்பாட்டறையில் இருநூறு பேர் நடுவில் ஒரு முள்ளுக்கரண்டி விழுந்தால் எந்த மேசை என்று சொல்லிவிடுவாள். வீட்டில் மட்டும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு கோப்பை விழுகிறவரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இயந்திரம் இழுத்துவிடும் தாளத்துக்கு அவள் பேச்சைப் பாடமாக்கினாள். என் அம்மா ஒரு, இழு, நாளைக்குப் பதி, விடு. முந்நூறு தரமாவது இருக்கும். முந்நூறு தரம் ஒரே பக்கமாக வளைந்த ஒன்றை ஒன்பது தரத்தில் மறுபக்கம் வளைக்கலாமா என்று உலோகத்தைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் அவள் யோசிக்காமலே பதில் சொல்லியிருப்பாள்.

பஸ்தியான் எழும்பிப் போனான். அவன் கதிரை சூட்டோடு வெறுமையாக இருந்தது. என் அப்பா தேனீ வளர்க்கிறவர், என்று அவன் குரல் திரைக்கு அப்பால் உற்சாகமாகத் தொடங்கியது, சபை அவனை உடனே விரும்பிவிட்டது என்பது அதன் மௌனத்திலேயே தெரிந்தது. பட்டியல் பெண் வந்து தர்மிகாவின் கழுத்தடியில் மைக்கைக் குத்தினாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. வட்டத்தாள் கழன்று விழுந்தது, அந்தப் பெண்ணே குனிந்து எடுத்து மறுபடி ஒட்டிவிட்டாள். அந்த உதவிக்கு நன்றி சொல்ல தர்மிகாவுக்கு வாய் வரவில்லை. வாயை வேறொன்றுக்காகக் காத்து வைத்திருந்தாள். ஏழு வயதில் நான். ஏழு வயதில் நான். கைதட்டல் வந்தது, பஸ்தியான் வியர்த்த முகத்தோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தான், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் பெயரைச் சொன்னார்கள். பெயரின் நடுவில் வழக்கம்போலத் தடுக்கினார்கள்.

மேடையில் வெளிச்சம் முகத்தில் அடித்தது, சபை என்பதே இல்லாமல் போனது. நிலத்தில் வெள்ளைப் பட்டியால் போட்ட குறுக்குக் கோட்டில் நிற்க வேண்டும், நின்றாள். பின்னால் படம் ஏறியிருக்கும். எதிரே 180 என்று சிவப்பாக இருந்தது, அவள் முதல் சொல்லைச் சொன்னதும் இறங்கத் தொடங்கும். கரண்டி. ஏழு வயதில். பிரெஞ்சில் அந்த வாக்கியம் வாயைத் திறந்து தொடங்கும் வாக்கியம். எச்சிலை விழுங்க வேண்டியிருந்தது, விழுங்குவதற்கு உதடுகளை மூடினாள். மூடிய உதடுகளுக்கு அதற்கடுத்து என்ன செய்வதென்று நன்றாகத் தெரிந்திருந்தது.

"மா மேர்," என்றாள். என் அம்மா.

179. அவள் குரல் கூடம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது, பெரிதாக, அமைதியாக, பயிற்சி பெற்ற குரல். நிறுத்தலாம். நிறுத்தினால் நிறுத்தியது தெரியும். என் அம்மா ஏழு வயதில், என்று ஒரு கோணல் வாக்கியம் தலைக்குள் ஓடி அறுந்தது, அதற்குள் வாய் கட்டில்களைக் கடந்துவிட்டது, பதினான்கையும், ஹொட்டலையும், இருபத்திரண்டு வருடத்தையும். அவள் தன் வாய்க்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை. கோப்பை. கை விட்டுவிட்டது. இந்த இடத்தில் வாய் நின்றது. அவளே கண்டுபிடித்த இடைவெளி, அவளே அளந்தது, அது மிகச் சரியாக வந்தது. அம்மா தேநீரின் மேல் பழியைப் போட்டார்.

முந்நூறு பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, கெடுதல் இல்லாத சிரிப்பு, இருட்டிலிருந்து சூடாக எழும்பி மேடை வரை வந்தது. ஒன்றரை வினாடி விட வேண்டும். அவள் விட்டாள். சிரிப்பு தணியத் தொடங்கிய அந்த அரை வினாடியில், நடுவில், படிக்கரையோடு, இன்னொரு சிரிப்பு எழும்பியது. மற்றவர்களுடையதைவிடப் பிந்தி. மெல்லியதாக, உச்சத்தில், குவளையைக் கரண்டியால் தொட்டதுபோல. அதை அந்தக் கூடத்தில் வேறு யாரும் கேட்டிருக்க முடியாது; முந்நூறு பேருடைய இரைச்சலைக் கழித்து அந்த ஒன்றை மட்டும் தனியே எடுக்க மூன்று வருடப் பழக்கம் வேண்டும்.

சிவப்பு எண்கள் 158 இல் இருந்தன. உலோகமும் இப்படித்தான், என்றாள் தர்மிகா, கடைசிவரை ஒரு சொல்கூடப் பிசகவில்லை.